பத்து மாதம் ஏன்?

வாடகை வீட்டில் இருப்பவருக்குச் சிக்கனம் போதிக்காதவர் ஊரில் யாருமில்லை. டீயை நிறுத்து, ஆட்டோவில் ஏறாதே, ஞாயிற்றுக்கிழமை பிரியாணியை மற. சரி, மறந்துவிடலாம். பதினைந்து ரூபாய் டீ, நாளுக்கு இரண்டு. நிறுத்தினால் மாதம் 900 ரூபாய் மிச்சம். இனி வீட்டுக் கணக்குக்கு வருவோம்.

சென்னையில் மாதம் 25,000 ரூபாய் வாங்கும் ஒருவர் 12,000 ரூபாய் வாடகைக்கு வீடு பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அட்வான்ஸ் பத்து மாத வாடகை. 1,20,000 ரூபாயை ஒரே கையில் எடுத்து வைக்க அவரால் முடியாது. மனைவியின் நகையை நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டிக்கு அடகு வைத்தால் மாதம் 1,200 போகும். நகை இல்லாதவர் வெளியில் இரண்டு வட்டிக்கு வாங்குவார், மாதம் 2,400. ஆக அவருடைய வாடகை 12,000 அல்ல, 14,400. டீயை நிறுத்தி மிச்சம் பிடித்த காசு இந்த வட்டியில் பாதிக்குக்கூடக் காணாது.

வீட்டுக்காரர் அதே பணத்தை ஏழு சதவீதத்துக்கு வங்கியில் போட்டாலும் ஆண்டுக்கு 8,400 ரூபாய் வரும். இல்லாதவர் வட்டிக்கு வாங்கி, இருப்பவருக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்கிறார். ஐந்து வருடம் கழித்துக் காலி செய்யும்போது அதே 1,20,000 திரும்பி வரும், பெயிண்ட் அடிக்க ஒரு மாத வாடகையைக் கழித்துக்கொண்டு. இடையில் ஏறிய விலைவாசிக்கு யாரும் பொறுப்பில்லை.

பத்து மாதம் ஏன் என்று கேட்டுப் பாருங்கள். "எல்லாரும் வாங்குறாங்க" என்பார் வீட்டுக்காரர். "அதுதாங்க வழக்கம்" என்பார் புரோக்கர். தாலி ஏன், தீட்டு ஏன், திதி ஏன் என்று கேட்டபோதும் இதே பதில்தான் வந்தது. அந்தப் பதிலை ஏற்காமல் முக்கால் நூற்றாண்டு மேடை போட்டுப் பேசிய மாநிலம் இது. மாடி போர்ஷனை வாடகைக்கு விடும்போது மட்டும் கருப்புச் சட்டைக்காரருக்கும் வழக்கம் வேதமாகிவிடுகிறது.

சட்டம் இல்லாமலில்லை. 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாகத் தமிழ்நாடு 2017இல் இயற்றி, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்த சட்டம், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்குவது சட்டத்துக்குப் புறம்பு என்கிறது. ஆனால் 'வேறு உடன்பாடு இருந்தாலொழிய' என்றும் சேர்த்திருக்கிறது. மாதக் கடைசியில் பழைய வீட்டைக் காலி செய்தாக வேண்டியவர், பிள்ளையின் பள்ளிக்கூடம் பக்கத்துத் தெருவில் இருப்பவர், எதற்குத்தான் உடன்படமாட்டார்?

வீட்டுக்காரரின் பயத்தைப் பொய் என்று சொல்லவில்லை. பழைய சட்டத்தின் காலத்தில் வாடகை அற்பத்தொகையில் உறைந்து நிற்க, காலி செய்யச் சொல்லிப் போட்ட வழக்கை மகன் வந்து முடித்த கதைகள் உண்டு. புதிய சட்டத்தில் இரண்டு மாத வாடகை பாக்கி நின்றாலே வெளியேற்றக் கேட்கலாம். பயத்துக்கான காரணம் பெரும்பாலும் போயிற்று, பயத்துக்கென்று வசூலித்த தொகை மட்டும் குறையவில்லை. வீடு பற்றாக்குறை, அதனால்தான் கிராக்கி என்றும் சொல்வார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டின் நகரங்களில் காலியாகக் கிடந்த வீடுகள் ஏறத்தாழ 1.1 கோடி.

காலி வீடுகளும் எல்லாருக்கும் காலி வீடுகள் அல்ல. "வெஜ்ஜா, நான்-வெஜ்ஜா?" என்பது சாப்பாட்டைப் பற்றிய கேள்வி என்று நம்புகிறவர் யாராவது உண்டா? அது நகர்ந்து "சொந்த ஊர் எது, அதிலே எந்தத் தெரு?" என்று போகும். ஐந்து தெரு சுற்றினால் தலித்துக்கும் முஸ்லிமுக்கும் தனியாக வாழும் பெண்ணுக்கும் திறக்கிற கதவு ஒன்றோ இரண்டோ. திறந்த அந்த ஒரு கதவின் முன்னால் நின்று யாரும் பேரம் பேச முடியாது. சொன்ன வாடகைதான், சொன்ன அட்வான்ஸ்தான். சாதிக்கென்று ஒரு கூடுதல் வாடகை இந்த நகரத்தில் ரசீதில்லாமல், மாதம் பிறந்தால் ஜி-பேயில் போய்க்கொண்டிருக்கிறது. வீட்டுக்காரர் இதை 'நம்ம விருப்பம்' என்பார். ஒரு காலத்தில் கிணற்றுக்குச் சொந்தக்காரர்களும் அதைத்தான் சொன்னார்கள்.

மூடநம்பிக்கையால் வாடகைக்காரருக்கு லாபம் வருகிற இடம் ஒன்றே ஒன்று உண்டு. ஆடியில் யாரும் வீடு மாறமாட்டார்கள். காலியான வீடு ஒரு மாதம் பூட்டிக்கிடக்கும். நம்பிக்கையில்லாதவர்கள் ஆடியில் போய்ப் பேரம் பேசலாம். பஞ்சாங்கத்தில் நாத்திகருக்குக் கிடைக்கும் ஒரே வரவு இதுதான் என்று நினைக்கிறேன்.

சரி, அரசு வந்துதான் எல்லாவற்றையும் திருத்த வேண்டுமா? சொந்த வீட்டில் இருந்துகொண்டு இன்னொன்றை வாடகைக்கு விட்டிருக்கும் வாசகரைத்தான் கேட்கிறேன். 'டு லெட்' பலகையில் 'அட்வான்ஸ் மூன்று மாதம், யாருக்கும் தரப்படும்' என்று எழுதித் தொங்கவிட்டால் உங்களுக்கு என்ன நட்டம்? ஏழு மாத முன்பணத்துக்கு வந்திருக்கக்கூடிய வங்கி வட்டி, மாதம் 490 ரூபாய். சட்டம் தடுக்காது, சாமியும் கண்ணைக் குத்தாது. மிஞ்சிப்போனால் பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுவார்: "சார், நீங்க ஒருத்தர் இப்படிப் பண்ணா, நாங்க எப்படிப் பத்து மாசம் கேட்கிறது?"