ஆறு பேர் படித்த பள்ளி

"எங்களுது சின்ன ஸ்கூல் சார்" என்று குரலைத் தாழ்த்திச் சொல்கிறாயே, யாருக்குப் பயந்து? நிமிர்ந்து சொல்!

தென்காசி மாவட்டத்தில் பாவூர்சத்திரம் பக்கம் எத்தனை வீட்டுத் திண்ணையில் உன் அம்மாவைப் போன்றவர்கள் மடியில் பீடித் தட்டோடு உட்கார்ந்திருக்கிறார்கள். இலையை வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, நூல் கட்டினால், ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. அந்தக் கூலியில் படிக்கிற உனக்குப் பள்ளி சிறியதாக இருப்பது குறையே இல்லை.

நியூயார்க்கில் 2002க்குப் பிறகு, தேறாத பெரிய உயர்நிலைப் பள்ளிகளை மூடிவிட்டு, வகுப்புக்குச் சுமார் 100 பேர் படிக்கும் சிறிய பள்ளிகளைத் திறந்தார்கள். கூட்டம் மிஞ்சிய இடங்களில் குலுக்கல். இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஆண்டுக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சிறிய பள்ளியில் 100க்குச் சுமார் 9 பேர் கூடுதலாகப் பள்ளிப் படிப்பை முடித்தார்கள். சுமார் 8 பேர் கூடுதலாகக் கல்லூரிக்குப் போனார்கள். பெரும்பாலும் ஏழை வீட்டுப் பிள்ளைகள்! ஒருநாள் வராவிட்டால் 'எங்கே அவன்?' என்று கேட்க அங்கே ஆள் இருந்தார். கட்டடம் சிறுத்தால் மட்டும் போதாது. ஆசிரியருக்கு உன்னைத் தெரிய வேண்டும். கடைசி பெஞ்சில் ஒளிந்துகொண்டால் எந்தப் பள்ளியும் உன்னைத் தூக்கிவிடாது.

அமெரிக்கக் கதை எதற்கு என்கிறாயா? இதோ மத்தளம்பாறை, பக்கத்து ஊர்தான். 2011ல் அங்கே ஜோஹோ என்ற மென்பொருள் நிறுவனத்தின் அலுவலகம் வந்தது. அந்த நிறுவனம் 2005ல் சென்னையில் தன் பள்ளியைத் தொடங்கியபோது மாணவர்கள் 6 பேர், ஆசிரியர்கள் 2 பேர். பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களைச் சேர்த்து, உதவித்தொகையும் கொடுத்து, மென்பொருள் சொல்லித்தந்து, வேலையும் தந்தார்கள். கல்லூரிப் பட்டம் கேட்கவில்லை. இன்று தென்காசியிலும் அந்தப் பள்ளி நடக்கிறது. ஆறு பேரை வைத்துத் தொடங்க அவர்கள் வெட்கப்படவில்லை. நீ எதற்கு வெட்கப்படுகிறாய்?

கல்லூரிதான் வேண்டுமா? போ, தாராளமாகப் போ! ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020ல் மருத்துவப் படிப்பிலும், 2021ல் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளிலும் 7.5 சதவீத இடங்களை ஒதுக்கியது தமிழ்நாடு. அது பிச்சையல்ல, உன் பங்கு. அந்த இடத்தைக் கேட்காமல் விட்டால் நட்டம் உனக்குத்தான். (இதைச் சொல்லித்தராத பெரியவர்கள் மீதும் எனக்குக் கோபம் உண்டு.)

உன் வகுப்பில் இருபதே பேர் என்றால், இருபதில் ஒருவராக வாத்தியாரிடம் சந்தேகம் கேட்கும் வாய்ப்பு உனக்கு இருக்கிறது. நாளை காலை கணக்குப் பாடத்தில் புரியாத அந்த ஒரு வரியைச் சுட்டிக்காட்டி, எழுந்து நின்று கேள். பக்கத்துப் பெஞ்சு சிரித்தால் சிரிக்கட்டும். பதில் வரும்வரை உட்காராதே!