காண்பதும் ஊறாகுமோ?

வேட்டையாடாமலும் எதையும் பறிக்காமலும் கண்டு மட்டும் திரும்புகிறவர் எவ்வுயிர்க்கும் தீங்கு செய்யாதவர் என்ற நம்பிக்கையோடுதான் நகர்ப்புறக் காடுகளுக்கு மக்கள் செல்கின்றனர். கொல்லாமையை மிக நுணுகி ஆராய்ந்த சமண மெய்யியலோ இந்நம்பிக்கையை அப்படியே ஏற்பதில்லை. உமாசுவாதி இயற்றிய தத்துவார்த்த சூத்திரம், விழிப்பற்ற செயலால் உயிரைப் போக்குவதே இம்சை என வரையறுப்பதால், கொல்லும் எண்ணம் இருந்ததில்லை என்ற விடை மட்டும் போதாது, கவனித்து நடந்தாரா என்ற வினா எஞ்சி நிற்கிறது. அதனாலேயே துறவியர்க்குரிய ஐந்து சமிதிகளுள், அதாவது அன்றாடச் செயல்களில் காக்க வேண்டிய விழிப்புநெறிகளுள், முதலாவதான ஈரியா சமிதி நடையைப் பற்றியதாக அமைந்து, பகலில், பலர் நடந்து பழகிய வழியில், நுகத்தடியளவு தொலைவு நிலத்தை நோக்கியபடி செல்லுமாறு பணிக்கிறது.

1978-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட, ஏறத்தாழ 2.7 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சென்னைக் கிண்டிக் காட்டில் அனுமதி பெற்று நடப்பவரின் நோக்கு இதற்கு நேர்மாறானது. முறுக்குக் கொம்புடைய வெளிமானைத் தேடும் கண் தொலைவிலுள்ள புதர்களில் பதிந்திருக்க, கால் தடத்தை விட்டு விலகி எறும்புச் சாரையையும் இளம்புல்லையும் மிதிக்கிறது. தொல்காப்பிய மரபியல் புல்லை ஓரறிவுயிராகவும் எறும்பை மூவறிவுயிராகவும் வகுத்து அவற்றையும் உயிர்வரிசையில் வைத்திருக்க, ஐயறிவுடைய மானின்மேல் கொண்ட ஆர்வம் அவ்வரிசையின் கீழ்ப்படிகளை மறக்கச் செய்கிறது.

அந்த மானுக்கும் ஊறு நேராமலில்லை. மேய்ந்துகொண்டிருந்த வெளிமான் தலையுயர்த்திக் காதுகளை விறைத்து, பார்ப்பவர் மேலும் நெருங்கியதும் துள்ளி ஓடுமாயின், உடலில் காயமில்லாவிட்டாலும் அதன் மேய்ச்சல் அறுபடுகிறது. இல்லறத்தார் கொல்லாமை நோன்பில் இழைக்கக்கூடிய பிழைகளை, அதாவது அதிசாரங்களை, எண்ணும் தத்துவார்த்த சூத்திரம், கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல் ஆகியவற்றோடு உணவையும் நீரையும் தடுத்தலையும் சேர்க்கிறது. இவ்விதி மனிதர் வளர்க்கும் விலங்குகளுக்கே பெரிதும் உரியது எனலாம். ஆயினும் நகரம் நாற்புறமும் சூழ்ந்து வேறு மேய்ச்சல் நிலத்துக்கு வழியில்லாமல் செய்துவிட்ட இடத்தில், காட்டு மானும் மனிதர் பொறுப்பில் அடைபட்ட உயிராகிவிடுவதால், விதி அங்கும் செல்லும்.

அப்படியானால் போகாமலிருப்பதே அறம் என்று முடிவுகட்டவும் இம்மரபு இடந்தரவில்லை. முளைகளும் சிற்றுயிர்களும் பெருகும் மழைக்காலத்தில் நான்கு மாதம் ஓரிடத்தில் தங்கும் சமணத் துறவியர், எஞ்சிய மாதங்களில் ஊரூராக நடந்து செல்லவே கடமைப்பட்டவர்கள். கிண்டிக் காட்டின் பெரும்பகுதி பொதுமக்கள் விரும்பியபடி நுழைய முடியாமல் காக்கப்படுவதும் இத்தகைய வரையறையே. எனினும் வேலியால் செய்ய முடிவது நுழைவைத் தடுப்பது மட்டுமே; உள்ளே சென்றவர் எங்கே நிற்க வேண்டும் என்பதை அவரது விழிப்புதான் சொல்ல வேண்டும். மான் தலையுயர்த்துமுன் நின்றுவிடுவதும், அது புதருக்குள் மறைந்தால் காணாமலே திரும்புவதும் அவ்விழிப்பின் பகுதிகள். கண்டே தீர வேண்டும் என்ற வேட்கையைத் துறக்காதவரையில், கொல்லாமை அவரிடம் பாதி நோன்பாகவே நிற்கும்.