ஆயத்தம் என்னும் சொல்

பழைய பாய்க்கலமொன்றை நெடுங்கடலுக்கு ஆயத்தஞ் செய்வது தச்சரும் கம்மியரும் பார்த்துக்கொள்ளும் காரியம் என்றே பொதுவாகக் கருதப்படுகின்றது. பலகைக்கும் வடத்துக்கும் சுக்கானுக்கும் ஒழுக்கவியலோடு என்ன தொடர்பு என்று நண்பர்கள் வினவலாம். சொந்தப் படகிற் சமுத்திரம் சுற்றுவது மேலைத்தேயத்து வசதி படைத்தோரின் பொழுதுபோக்காயிற்றே, உழைக்கும் மக்களைப் பற்றிப் பேசவேண்டிய பக்கங்களில் அதற்கென்ன இடம் என்றும் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆயினும் கரையில் நிற்பவன் ஒரு கலத்தைப் பார்த்து ‘இது ஆயத்தம்’ என்று சொல்லும்போது அச்சொல்லின் விலையைக் கடலில் இருப்பவனே கொடுக்கின்றான். இது படகுகளுக்கு மட்டும் உரிய நிலைமையன்று. படகில் அது வெளிப்படையாகத் தெரிகின்றது என்பதனாலேயே நாம் இங்கு படகை எடுத்துக்கொள்கின்றோம்.

வேலை எத்தகையது என்பதை முதலிற் பார்ப்போம். மரக்கலமாயின் அதனைக் கரையேற்றிப் பலகை பலகையாகச் சிறு சுத்தியலால் தட்டிப் பார்ப்பார்கள். நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும். உக்கிய மரம் மந்தமாக ஒலிக்கும். பலகைகளின் இடுக்குகளிலுள்ள பழைய பஞ்சைக் கிளறியெடுத்துப் புதிதாகக் கலப்பத்து அடிப்பார்கள். ஆணிகளிற் சிலவற்றைக் கழற்றி அவற்றின் தேய்வைச் சோதிப்பார்கள். பித்தளை உறுப்புக்கள் தனிக் கவனத்துக்குரியவை. கடல்நீர் பித்தளையிலுள்ள நாகத்தைச் சிறிது சிறிதாக அரித்துவிட, எஞ்சிய செம்பு இளஞ்சிவப்பு நிறத்தோடு முழு உறுப்பாகவே தோற்றமளிக்கும். ஆனால் ஓர் அடியிற் பொடிந்துவிடும். பாய்மரத்தைத் தாங்கும் உருக்கு வடங்களும் இத்தகையனவே. கம்பி மினுங்கிக்கொண்டிருக்கும், அதன் முனை புகுந்திருக்கும் பொருத்துக்குள்ளே மயிரிழை வெடிப்பொன்று வளர்ந்துகொண்டிருக்கும். ஆகையாற் பத்துப் பதினைந்து ஆண்டுகள் உழைத்த வடங்களைக் குறை தெரியாவிடினும் மாற்றிவிடுவது நெடும்பயணம் போவோரிற் பலரது வழக்கம்.

உயிரைக் காக்கும் பாகங்களிற் பெரும்பாலானவை இவ்வாறு கண்ணுக்கு மறைந்தே கிடக்கின்றன. பூச்சு, திரைச்சீலை, பளபளக்கும் கைப்பிடி ஆகியவை பார்வையாளரை மகிழ்விப்பன. பணமும் நாளும் குறைவாயிருக்கும்போது எவற்றில் முதலிற் கைவைப்பது என்ற தெரிவிலேயே ஒழுக்கப் பிரச்சினை தொடங்கிவிடுகின்றது. அதென்ஸ் நகரத்தார் தீசியசின் கலத்தைப் பேணியபோது உக்கிய பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றினர் என்றும், அது பழைய கலந்தானா என்று தத்துவஞானிகள் வாதிட்டனர் என்றும் புளூட்டார்க் எழுதினார். மெய்யியல் வகுப்புக்களில் அவ்வினா இன்றும் உயிரோடிருக்கின்றது. அக்கலத்திற் கடலுக்குப் போகவேண்டியவனுக்கு வேறொரு வினா உண்டு: மாற்றப்படாத பலகை எது? அதை அறிந்தும் சொல்லாமல் விட்டவர் யார்?

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். குறையே இல்லாத கலம் எங்கும் இல்லை. முழு ஆயத்தத்துக்குக் காத்திருப்பவன் துறைமுகத்திலேயே கிழவனாகிவிடுவான் என்று அனுபவசாலிகள் கூறுவர். அது உண்மை. அப்படியாயின் ஆயத்தம் என்பதைக் குறையின்மை என்று பொருள்கொள்ள முடியாது. பின்னர் எப்பொருளைக் கொள்வது? இதற்கு 1968ஆம் ஆண்டின் நிகழ்ச்சியொன்று விடைதர உதவுகின்றது.

எத்துறையிலும் நில்லாமல் தனியொருவராக உலகைச் சுற்றிவரும் பாய்ப்படகுப் போட்டியொன்றை இலண்டன் ‘சண்டே டைம்ஸ்’ பத்திரிகை அவ்வாண்டு அறிவித்தது. ஒக்ரோபர் 31ஆம் திகதிக்குள் புறப்பட்டாகவேண்டும் என்பது நிபந்தனை. ஒன்பது பேர் புறப்பட்டனர். ஒருவரே சுற்றி முடித்தார். அவர் றொபின் நொக்ஸ்-ஜோன்ஸ்ரன் என்னும் வணிகக் கப்பல் அதிகாரி. புதிய படகொன்று கட்டுவிக்க விரும்பிப் பணம் திரட்ட முடியாமற்போகவே, தம்மிடமிருந்த 32 அடி நீளமான ‘சுஹைலி’யையே அவர் ஆயத்தஞ் செய்தார். பம்பாயில் வாய்ச்சியும் வில் துறப்பணமும் கொண்டு இந்தியத் தச்சர்கள் தேக்கிற் கட்டிய கலம் அது. பம்பாயிலிருந்து தென்னாபிரிக்கா வழியாக இலண்டன் வரை ஏற்கெனவே ஓடி உழைத்திருந்தது. (எமது வாசகர்களுக்கு வல்வெட்டித்துறையில் உருவான ‘அன்னபூரணி’ நினைவுக்கு வரலாம். அமெரிக்கர் ஒருவர் வாங்கிப் பெயர்மாற்றிய அக்கலத்தை வல்வை மாலுமிகள் செலுத்திச் சென்று 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறையை அடைந்தனர். கட்டிய கரங்களைப் பற்றிக் கடற்பயண நூல்கள் பேசுவது எக்காலத்திலும் குறைவுதான்.)

அத்திலாந்திக்கில் சுஹைலிக்குள் நீர் புகுந்தது. நொக்ஸ்-ஜோன்ஸ்ரன் கடலிற் குதித்து, நீர்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ எட்டடி நீளத்துக்குப் பலகை இடுக்கு திறந்து மூடுவதைக் கண்டார். மூச்சடக்கி மூச்சடக்கிப் பஞ்சை அடைத்தார். அதன்மேற் கித்தான் பட்டியை வைத்துச் செப்பாணிகளால் அறைந்தார். வானொலி பொருத்தியவர்கள் விட்டுச்சென்ற செப்புத் தகட்டை அதற்குக் கவசமாக்கினார். பின்னர் வானொலி ஓய்ந்தது, குடிநீர் கெட்டது, தானாகச் சுக்கான் பிடிக்கும் பொறியும் உடைந்தது. ஆயினும் 312 நாட்களின் பின் 1969 ஏப்பிரல் 22ஆம் திகதி பல்மத் துறைக்குத் திரும்பினார். அவரது கலம் குறையற்றதாயிருக்கவில்லை. ஆனால் அதன் குறைகளோடு அவருக்குப் பழக்கம் இருந்தது.

டொனால்ட் குரோஹேர்ஸ்ட் என்பவரின் படகோ புத்தம் புதியது, மூன்று உடல்களையுடையது, நவீனமானது. மின்னணுக் கருவிகள் செய்யும் சிறு தொழில் நடத்திய அவர், பயணம் கைகூடாவிட்டால் தமது நிறுவனமே படகை விலைகொடுத்து மீட்கவேண்டும் என்று நிதியாளரோடு ஒப்பந்தஞ் செய்திருந்தார். திரும்பிவந்தால் வங்குரோத்து. வேலை முடியவில்லை. கடைசி நாளான ஒக்ரோபர் 31ஆம் திகதி, கலத்தினுள் நீர் புகுந்தால் இறைப்பதற்கு வேண்டிய குழாய்கூட ஏற்றப்படாமற் படகு புறப்பட்டது. இரண்டு வாரங்களுக்குள் மூடிகளினூடாக நீர் கசிந்தது, திருகாணிகள் கழன்றன. அவர் தம் குறிப்பேட்டிற் குறைகளை ஒவ்வொன்றாக நேர்மையுடன் பட்டியலிட்டார். அந்நேர்மை தாளோடு நின்றுவிட்டது. உலகுக்கு அவர் அனுப்பிய செய்திகள் பொய்யானவை. அத்திலாந்திக்கிலேயே சுற்றிக்கொண்டு தூரங் கடந்ததாக அறிவித்தார்.

அப்பொய்யின் பாரத்தை மற்றொரு கலம் சுமந்தது. நைஜல் ரெற்லி என்பவர், தாம் குடியிருந்த படகிலேயே புறப்பட்டு, உலகை ஏறத்தாழச் சுற்றி முடித்திருந்தார். குரோஹேர்ஸ்ட் பின்னால் விரைந்து வருவதாக நம்பி, நைந்துபோன படகை விரட்டினார். 1969 மே மாதத்தில் அது சிதைந்து மூழ்கியது. அவர் மட்டும் மீட்கப்பட்டார். யூலை 10ஆம் திகதி குரோஹேர்ஸ்டின் படகு ஆளற்று மிதந்துகொண்டிருக்கக் காணப்பட்டது. நொக்ஸ்-ஜோன்ஸ்ரன் தமக்குரிய 5,000 பவுண் பரிசை அக்குடும்பத்துக்கே கொடுத்துவிட்டார்.

குரோஹேர்ஸ்டைக் கோழை என்றோ புரட்டர் என்றோ தீர்ப்பிட்டு நூலை மூடிவிடுவது எளிது. நாம் அதற்கு உடன்படோம். அவர் பொய் சொன்னார். அப்பொய்க்கு அவரே பொறுப்பாளி. ஆனால் படகு ஆயத்தம் என்று முடிவுசெய்தது யார்? ஒரு திகதி, ஓர் ஒப்பந்தம், விளம்பரம் தேடிய சிலர். படகின் இடுக்குகளை அறிந்தவன் வாய்திறக்க முடியாதபடி அவர்களின் ‘ஆயத்தம்’ அவன் வாயை அடைத்துவிட்டது. தனிமனித ஒழுக்கத்தைப் போதிப்போர் இக்கட்டத்தைத் தாண்டிச் செல்வதை நாம் அடிக்கடி காண்கின்றோம்.

இது விளையாட்டுப் போட்டியோடு தோன்றிய நோயுமன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிரித்தானியாவில் உக்கிய கப்பல்களை அளவுக்குமிஞ்சிப் பாரமேற்றிக் காப்புறுதி செய்து அனுப்பும் உரிமையாளர்கள் இருந்தனர். கப்பல் வந்தால் இலாபம். வராவிட்டாற் காப்புறுதிப் பணம். ‘சவப்பெட்டிக் கப்பல்கள்’ என்று மக்கள் அவற்றை அழைத்தனர். ஒப்பமிட்ட பின் ஏற மறுத்த மாலுமிகளைச் சட்டம் சிறைக்கு அனுப்பியது! சாமுவேல் பிளிம்சோல் என்னும் பாராளுமன்ற உறுப்பினர் 1873இல் நூலெழுதியும் 1875இற் சபையிற் கொதித்தெழுந்தும் போராடியதன் பயனாக, 1876ஆம் ஆண்டுச் சட்டம் கப்பலின் பக்கத்திற் பாரக்கோடு தீட்டவேண்டும் என்றது. எங்கே தீட்டுவது என்பதை மட்டும் உரிமையாளரின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. அக்கோட்டின் இடத்தைச் சட்டம் நிர்ணயிக்க 1890 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. கோட்டைத் தீட்டும் தூரிகை எவர் கையில் இருந்தது என்பதை மாணவர்கள் கவனிக்கவேண்டும்.

ஆகவே குறைகள் யாவும் ஆபத்தை ஏற்பவனுக்குத் தெரிவிக்கப்பட்டிருப்பதும், அவன் ‘போகமாட்டேன்’ என்று சொன்னால் அவனது வாழ்வு அழிந்துபோகாதிருப்பதுமே ஆயத்தம் எனக் கொள்கின்றோம். இவ்விரண்டில் முன்னதைத் தச்சனின் நாணயத்திடம் எதிர்பார்க்கலாம். பின்னதைத் தச்சனாற் கொடுக்க முடியாது. அது கடன், கூலி, சட்டம் ஆகியவற்றின் அமைப்பைப் பொறுத்தது.

சுஹைலியைச் சில காலம் கிறீனிச்சிலுள்ள கடல்சார் அரும்பொருளகத்திற் காட்சிக்கு வைத்தார்கள். கட்டடத்தின் வறண்ட காற்றிற் பலகைகள் சுருங்கத் தொடங்கவே, நொக்ஸ்-ஜோன்ஸ்ரன் அதனை வெளியே கொண்டுவந்து, பலகைகளைப் பிணைத்த பழைய ஆணிகளை மாற்றும் வேலையில் தாமே இறங்கினார். அவ்வேலை ஆண்டுக்கணக்கில் நீண்டது. 2018 யூனில் அது பல்மத் துறையில் மீண்டும் பாய்விரித்தது. குரோஹேர்ஸ்டின் படகோ பல கைகள் மாறிக் கரீபியன் கடலிலுள்ள கேமன் பிராக் தீவின் கரையிற் கைவிடப்பட்டு, வெயிலிலும் புயலிலும் சிதைந்து போயிற்று.