‘சந்தோஷமா இருக்காங்க’

மிஷன் பயணம் போய்த் திரும்புகிறவர்கள் கடைசி நாள் சாட்சிக் கூட்டத்தில் தவறாமல் சொல்கிற வாக்கியம் ஒன்று உண்டு. ‘அவங்ககிட்ட ஒண்ணுமே இல்ல, ஆனா எவ்வளவு சந்தோஷமா இருக்காங்க!’ இலங்கை மலையகத்தில் பத்து நாள் ஊழியம் முடித்து எங்கள் குழு கொழும்பில் கூடியபோது, பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் இதையேதான் சொன்னார்கள். சிலர் அழுதார்கள். அழுகை பொய்யில்லை. அந்த வாக்கியம் என்ன வேலை பார்க்கிறது என்பதுதான் என் கேள்வி.

இதை நான் முதலில் கேட்டது மலையகத்தில் இல்லை, எங்க சேரியில. சபையைப் பார்க்க வெளிநாட்டுக்காரர்கள் வருவார்கள். முந்தின நாளே அம்மா சாணி மெழுகி, டீச்சரம்மா வீட்டிலிருந்து கண்ணாடி கிளாஸ் இரவல் வாங்கி வைப்பாள். ‘சிரிச்ச மொகமா நில்லுங்கடா’ என்று எங்களுக்கு உத்தரவு. வந்தவர்கள் கலர் குடிப்பார்கள், படம் எடுப்பார்கள், எங்கள் சந்தோஷத்தைப் பற்றிச் சொல்வார்கள். உபதேசியார் மொழிபெயர்க்க அம்மா தலையாட்டுவாள். ஒரு கிளாஸ் உடைந்தால் அரைநாள் கூலி போச்சு. வந்தவர் முன்னால் முகம் சுளிக்கக் கூடாது என்பது இல்லாதவர்களின் மானம். அந்த மானத்தைத்தான் சந்தோஷம் என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், லயத்துக் காம்பராவில் எங்களுக்கு பிஸ்கட் வைத்த தட்டில் வேறொரு வீட்டுக்காரர் பெயர் வெட்டியிருந்தது. என்னோடு வந்தவர்கள் பிஸ்கட்டைப் பார்த்தார்கள். எனக்குப் பெயர்தான் கண்ணில் பட்டது.

அந்த மக்கள் சிரிப்பதே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. கொழுந்தெடுக்கும் பெண்கள், அட்டை கடித்து நாங்கள் குதித்ததைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை ஏனோ யாரும் சாட்சியில் சொல்லவில்லை.

பவுல் சிறையிலிருந்தே மனநிறைவைப் பற்றி எழுதவில்லையா என்று குழுவில் ஒருவர் கேட்டார். எழுதினார். அவரே எழுதினார். சிறையைச் சுற்றிப் பார்க்க வந்தவர் எழுதவில்லை. நிறைவு என்பது நான் என்னைப் பற்றிச் சொன்னால் சாட்சி. நீ என்னைப் பற்றிச் சொன்னால் கணக்குத் தீர்ப்பு: இவனுக்கு இனிமேல் பாக்கி ஒன்றுமில்லை.

1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷனுக்குத் தோட்டத்துத் துரைமார்களே பணம் கொடுத்தார்கள்; திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்கள் போனார்கள். நிறைவோடிருக்கும் கூலி துரைக்கு லாபம். 1948இல் அந்த மக்களின் குடியுரிமை போனது. 1964 ஒப்பந்தத்தில் அவர்களைக் கேட்காமலே 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதினார்கள். வந்தவர்களில் தலித் கிறிஸ்தவர்களுக்கு இங்கே 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை காத்திருந்தது. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் திறந்த பட்டியல் நமக்குத் திறக்கவில்லை. கிறிஸ்தவத்தில் சாதி இல்லையே, இவங்களுக்கு என்ன குறை என்பதும் அதே வாக்கியம்தான், சட்டத்தின் பாஷையில். கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே சுவர் நிற்கிற ஊர்க்காரர்களும் இப்படிப் பேசுகிறார்கள்!

கடைசிக்கு முந்தின நாள் ஒரு பாட்டியைப் பார்த்தோம். பாட்டனார் துறையூர்ப் பக்கத்திலிருந்து போனவராம். சிரித்த முகமாகவே எல்லோருக்கும் பிளேன்டி கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்து, ‘எந்த ஊரு தம்பி?’ என்றார். சொன்னேன். ‘ஊருல எந்தப் பக்கம்?’ என்றார். ‘அதெல்லாம் இங்க வேண்டாமே’ என்று குழுத்தலைவர் மெதுவாகச் சொன்னார். நான் எங்க தெருவைச் சொன்னேன். பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். ‘அப்ப நம்மாளுதான்.’

அதற்கப்புறம்தான் அந்தச் சிரிப்பு இறங்கியது. முப்பத்தெட்டு வருஷம் கொழுந்தெடுத்தவர். வீட்டில் ஒருத்தருக்காவது தோட்டத்தில் பேர் இல்லாவிட்டால் காம்பராவை விடச் சொல்வார்கள் என்று பயம். மகன் கொழும்பில் கடையில் நிற்கிறான். மருமகளுக்கு முதுகு வலி, ஆனாலும் மலைக்குப் போயாகணும். ‘கூரைத் தகரத்த மாத்தக்கூட தொரைகிட்ட கேக்கணும். காணி உறுதி வேணும் தம்பி. உடுப்பெல்லாம் இருக்கு.’ நாங்கள் இரண்டு பெட்டி நிறைய உடுப்புதான் கொண்டு போயிருந்தோம்.

ஊர் திரும்பியதும் ஆளுக்கொரு அறிக்கை கேட்டார்கள். சந்தித்த குடும்பங்கள், வழங்கிய பொருட்கள், ஜெபக் குறிப்புகள் என்று மூன்று கட்டம். மூன்றாவதில் ‘காணி உறுதி’ என்று எழுதிக் கொடுத்தேன். அது அரசியல் என்றார்கள். போன மாதம் அச்சாகி வந்த இதழில் அந்த இடத்தில் ‘மலையக மக்களின் சமாதானத்துக்காக’ என்று இருக்கிறது. பக்கத்தில் பாட்டியின் படம், பிளேன்டி கோப்பையோடு, சிரித்தபடி.