சத்தத்துக்கு ஓர் அணுவிரதம்

பழனியிலிருந்து தாராபுரம் போகும் சாலையில் தொப்பம்பட்டியைக் கடக்கும் புல்லட்டுகளில் சில, கண்ணில் படுவதற்கு முன்பே காதில் விழுந்துவிடும். கம்பெனி சைலன்சரைக் கழற்றிவிட்டு, தடுப்பு ஏதும் இல்லாத நேர்குழாயை மாட்டிய வண்டிகள் அவை. டீக்கடையில் பேசிக்கொண்டிருப்பவர் பாதியில் நிறுத்தி, வண்டி போன பிறகு மீதியைச் சொல்வார். திட்டுவதுகூடக் கிடையாது. பழகிவிட்டது.

போலீஸுக்கு இது மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) சமாச்சாரம். 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 10,000 ரூபாய் வரை போகும். மெக்கானிக்குக்கு ஒரு போல்ட் வேலை. ஆனால் இதற்குள் பழைய அறக்கேள்வி ஒன்று உட்கார்ந்திருக்கிறது. கை ஓங்காமல், ஒரு வசவுகூடச் சொல்லாமல், வெறும் சத்தத்தால் இன்னொரு உயிரை வருத்தினால் அது இம்சையில் சேருமா?

இதைக் கேட்பதற்குத் தோதான இடம் பக்கத்திலேயே இருக்கிறது. பழனிக்கு மேற்கே, கொழுமம் போகும் வழியில் உள்ள ஐவர்மலை. பாண்டவர் ஐவரும் தங்கிய மலை என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். அங்கே இயற்கையாக அமைந்த குகைத்தளத்தின் மேல், பாறையின் நெற்றியில், தீர்த்தங்கரர் சிற்பங்கள் வரிசையாக அமர்ந்திருக்கின்றன. சக ஆண்டு 792, அதாவது கி.பி. 870, வரகுண பாண்டியனின் எட்டாம் ஆட்சியாண்டில் பொறித்த கல்வெட்டும் இருக்கிறது. சாந்திவீரக் குரவர் என்ற சமண ஆசிரியர் பார்சுவநாதர் உருவத்தையும் இயக்கியர் உருவங்களையும் புதுப்பித்து, படையலுக்கும் ஓர் அடிகளின் சோற்றுக்கும் 505 காணம் பொன் வைத்த கணக்கு அது. கொல்லாமையை இந்த வட்டாரத்துக்கு வெளியூரிலிருந்து யாரும் கொண்டுவரத் தேவையில்லை.

சமணம் துறவிக்கு ஒரு விதி, குடும்பஸ்தனுக்கு ஒரு விதி என்று வெளிப்படையாகவே பிரித்து வைத்தது. துறவிக்கு மகாவிரதம், அவர் வாக்கையும் காவல் போட்டுக் காக்க வேண்டும். உழுது, விற்று, பிள்ளை வளர்ப்பவனுக்கு அணுவிரதம்: முடிந்த மட்டும் குறை என்பது அதன் கணக்கு. அணுவிரதங்கள் ஐந்து; அவற்றுக்குத் துணையாக வரும் குணவிரதங்களில் ஒன்றின் பெயர் அநர்த்த தண்ட விரதம். எந்தப் பயனும் இல்லாமல் பிற உயிருக்குத் தரும் துன்பத்தை விடுவது. சமந்தபத்திரரின் இரத்தினகரண்டகமும் அதன் வழிவந்த தமிழ் நூலான அருங்கலச்செப்பும் இதைப் பேசுகின்றன. காரணமில்லாமல் மண்ணைக் கிளறுவது, நீரைக் கொட்டுவது, தீ மூட்டுவது, சும்மா ஊர் சுற்றுவது எல்லாம் இதன்படி குற்றம். தத்துவார்த்த சூத்திரம் வீண் பேச்சையும் இந்த விரதத்தின் கறைகளில் சேர்க்கிறது. சத்தம் அப்போதே பட்டியலில் ஏறிவிட்டது.

இந்த அளவுகோலை புல்லட் மேல் வைத்துப் பார்க்கலாம். ஒற்றை சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின். நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடினால், வினாடிக்கு 25 முறை சூடான வாயு அழுத்தத்தோடு வெளியே பாய்கிறது. வண்டி ஓட வேண்டும் என்றால் இந்த வெடிப்பு வேண்டும். அதில் குற்றம் சொல்ல முடியாது. கம்பெனி சைலன்சரின் அறைகள் அந்த அதிர்வை முட்ட வைத்து அடக்குகின்றன. 175 சிசிக்கு மேற்பட்ட இருசக்கர வண்டிக்குத் தயாரிப்பு நிலையில் சட்டம் வைத்த வரம்பு 80 டெசிபல். நேர்குழாய் மாட்டியதால் கூடும் சத்தம் வண்டியை ஓட்டுவதற்கு எதையும் செய்வதில்லை. அநர்த்தம் என்றால் இதுதான்.

பேஃபிள் என்ற தடுப்புக் குழாய் அந்த உபரியைத்தான் தொடுகிறது. சாண் நீளக் குழாய், உடம்பெல்லாம் ஓட்டை, சிலவற்றில் மேலே கிளாஸ் வூல் சுற்றியிருக்கும். நேர்குழாயின் வால் பக்கமாக உள்ளே தள்ளி, அடியில் ஒரு போல்ட் முடுக்கினால் வேலை முடிந்தது. வாயு குறுகிய வழியில் நெருக்குண்டு, ஓட்டைகள் வழியே, பஞ்சு இருந்தால் அதற்குள்ளும் புகுந்து, வேகம் தணிந்து வெளியேறுகிறது. 10 டெசிபல் குறைந்தால் ஒலியின் ஆற்றல் பத்தில் ஒன்றாகிவிடும். காதுக்கு ஏறக்குறைய பாதியாகத் தெரியும். புல்லட்டின் டுப்பு டுப்பு போய்விடாது. அதனால்தான் இதை மௌனம் என்று சொல்ல முடியாது. தட்சிணாமூர்த்தியும் ரமணரும் காட்டிய மௌனம் வேறு வகை, துறவியின் பங்கு. பேஃபிள் குடும்பஸ்தனின் பங்கு.

'சத்தம் இருந்தால்தான் லாரிக்காரன் ஒதுங்குவான், உயிர் தப்பும்' என்று ஓட்டுபவர்கள் சொல்வதுண்டு. பயன் உண்டு என்று நிரூபித்தால் அநர்த்தம் என்ற வாதம் விழுந்துவிடும், எனவே இது நியாயமான எதிர்வாதம். ஆனால் குழாயின் வாய் பின்பக்கம் பார்க்கிறது. ஆபத்து பெரும்பாலும் முன்னால் வருகிறது. எதிரே வருபவருக்கு ஹாரனும் விளக்கும் போதும்.

இதைவிடக் கடினமான எதிர்வாதம் ஒன்று உண்டு. தைப்பூசத்துக்குக் கொங்குப் பக்கத்துக் காவடிகள் மேளதாளத்தோடு பழனிக்கு நடக்கின்றன. அந்தச் சத்தம் மட்டும் அர்த்தமா? பக்தி என்ற பெயரே எல்லாவற்றுக்கும் அனுமதிச் சீட்டு என்று சொல்லிவிட முடியாது. சென்னை கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி வாசிகள் பக்கத்துத் தேவாலயத்தின் ஒலிபெருக்கி, மேளச் சத்தம் பற்றித் தொடுத்த வழக்கில், பிறர் அமைதியைக் கெடுத்து வழிபடச் சொல்லி எந்த மதமும் விதிக்கவில்லை என்று 2000 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கோயில், பள்ளிவாசல் எதற்கும் அது பொருந்தும். காவடிக்கு விரத நாள் உண்டு, முடிவு உண்டு, கேட்பவரில் பலர் அதில் பங்காளிகள். நேர்குழாய் வண்டிக்கு இவை எதுவும் கிடையாது. இரண்டும் ஒன்றல்ல, ஆனாலும் மேளத்துக்குக் கேள்வியே இல்லை என்று ஆகிவிடாது.

மெக்கானிக்கும் தப்ப முடியாது. வதைக்கும் கருவியைப் பிறருக்குக் கொடுப்பதையே அந்தச் சமண நூல்கள் அநர்த்த தண்டத்தின் ஒரு வகையாக எண்ணுகின்றன. நேர்குழாயை விற்று மாட்டிக் கொடுப்பவருக்கு இது உவப்பான செய்தி அல்ல.

சிக்கல் அந்த ஒரே போல்ட்டில் இருக்கிறது. ஸ்பேனர் இருந்தால் இரண்டு நிமிடத்தில் பேஃபிள் வெளியே வந்துவிடும். ஊருக்குள் மாட்டிக்கொண்டு, எல்லை தாண்டியதும் கழற்றுபவர்களும் உண்டு. சமண நூல்கள் விரதம் கெடுவதை அதிக்கிரமம், வியதிக்கிரமம், அதிசாரம், அனாசாரம் என்று நான்கு படியாகப் பிரிக்கின்றன. மனம் தளர்வதிலிருந்து முழுக்க உடைப்பது வரை. ஊர் எல்லையில் கழற்றுபவர் வீடுகளை மட்டும் கணக்கில் வைத்தார். சோளக்காட்டு மயிலையும், கட்டுத்தறி மாட்டையும், தை மாத இருட்டில் சாலையோரம் நடக்கும் பாதயாத்திரைக்காரர்களையும் விட்டுவிட்டார். ஸ்பேனரைக் கையில் எடுத்தபோதே அவர் முதல் படியைத் தாண்டியாயிற்று.