ரகம்

திட்டக்குடியில் எங்கள் மொட்டைமாடித் தொட்டிகளில் கப்பி மீன் வளர்க்கிறேன். சென்னை கொளத்தூர்க் கடைகளில் கண்ணைப் பறிப்பவை வண்ண வாலுள்ள ஆண் மீன்கள். ஆனால் அந்த வண்ணம் மாறாமல் வர, பெண் குஞ்சுகளைத்தான் அடைத்துவைக்க வேண்டும். பிறந்த சில வாரங்களிலேயே பிரித்துவிடுவேன். ஒருமுறை இணைந்துவிட்டால், விந்தை உடம்பிலேயே சேமித்துவைத்துப் பல மாதங்கள் குட்டி போடும். வேறு ஆண் மீன் சேர்ந்துவிட்டால் ‘ரகம் கெட்டுப்போச்சு’ என்போம்.

டிரினிடாட் ஓடைகளில் இணையைத் தேர்வது பெண் கப்பி. என் தொட்டியில் தேர்வது நான்.

போன மாதம் மகள், ஒருவரை விரும்புவதாகச் சொன்னாள். “நம்ம ஆளுங்களா?” என்றுதான் என் வாய் முதலில் கேட்டது. அகமணமே சாதியின் சாரம், பெண்ணைக் கட்டுப்படுத்தியே அது காக்கப்பட்டது என்று 1916இல் அம்பேத்கர் சொன்னதைப் படித்துத் தலையாட்டியவள் நான்.

மீன் ரகத்துக்கு நிறமாவது உண்டு. சாதிக்கு அதுவும் இல்லை. தொட்டிச் சுவர் மட்டுமே உண்டு. தானாக நிற்கும் தூய்மை என்றால் சுவர் எதற்கு?

மறுநாள் மகளிடம் வேறு கேள்வி கேட்டேன்: “அவர் உன்னை மதிக்கிறாரா?”