இருமுறை என்னும் சொல்

ஊர்காவற்றுறைக் கரம்பனிற் பிறந்த தனிநாயகம் அடிகள் (1913–1980) சங்கப் பாடல்களைக் கிரேக்க, இலத்தீன் இலக்கியங்களோடு ஒப்பவைத்து ஆராய்ந்தவர். அவ்வழிநின்று, கிரேக்கச் சிறுசொல் ஒன்றையும் அது எழுப்பும் அறவினாவையும் நோக்குதல் இக்கட்டுரையின் கருத்தாகும்.

'இருமுறை' என்னும் பொருளைக் கிரேக்கர் 'திஸ்' என்ற ஓரசைச் சொல்லாற் குறித்தனர். இரண்டு என்னும் எண்ணின் அடியாகப் பிறந்த இச்சொல்லுக்கு வடமொழித் 'த்விஸ்', இலத்தீன் 'பிஸ்', ஆங்கில 'ட்வைஸ்' என்பன உறவாகும். மூலமொழியிலிருந்த வகரவொலி கிரேக்கத்தில் மறைந்தது. மாணவர் பெறும் 'டிப்ளோமா'வும் இக்குடும்பத்ததே. இரண்டாக மடித்த ஏடு என்பது அதன் முதற்பொருள். நம் 'இருமடங்கு' என்ற சொல்லும் மடிதற் கருத்தினின்று தோன்றியமை ஒப்புநோக்கத்தக்கது.

தமிழோ இருமுறை, இருகால், இரண்டு தரம் என எண்ணோடு பிறிதொரு சொல்லையும் கூட்டியே இப்பொருளை உணர்த்தும். இவற்றுள் 'முறை' என்பது ஒழுங்கு, உறவு, நீதி என்னும் பொருள்களையும் உடையது. சொல்லமைப்பைக் கொண்டு ஓரினத்தின் சிந்தனையை அளத்தல் பொருந்தாது. ஆயினும், ஒன்று இருமுறை நிகழ்ந்தது என்னும்போது மீண்டு வந்தது யாது என்ற வினாவுக்கு இச்சொல் ஒளிதருகின்றது.

ஒரே ஆற்றில் இருமுறை இறங்குதல் இயலாதென ஹெரக்கிளிற்றஸ் கூறியதாகப் பிளேற்றோ தம் 'கிரற்றிலஸ்' என்னும் உரையாடலிற் குறிப்பிடுகின்றார். அவ்விடத்து நிற்கும் சொல் 'திஸ்' என்பதே. கிரற்றிலசோ ஒருமுறை இறங்குதலும் இயலாதென்று வாதித்து, இறுதியிற் பேச்சையே விடுத்து விரலசைப்பதோடு அமைந்தார் என அரிஸ்ரோட்டில் உரைப்பர். இதன் விளைவு சிந்திக்கத்தக்கது. 'இருமுறை'யை முற்றாக மறுப்பின், சொல்லும் வாக்குறுதியும் நிலைபெறா. நேற்றுக் கடன் பெற்றவன் வேறு, இன்று நிற்கும் நான் வேறு என்று கடன்பட்டவன் கூறலாமன்றோ?

தீவகத்தில் ஆறில்லை, ஆயினும் இவ்வினா அங்கு ஏட்டளவில் நிற்பதன்று. 1990, 1991ஆம் ஆண்டுகளில் வேலணை, புங்குடுதீவு, ஊர்காவற்றுறை முதலிய இடங்களினின்று மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். ஆண்டுகள் பல கழித்து மீண்டோர் கண்டது அதே ஊர்தானா? கூரையிழந்த வீடும், தூர்ந்த கிணறும், பற்றை மூடிய வளவும், ஆளற்ற அயலும் அவர்களை எதிர்கொண்டன. பொருளளவில் நோக்கின் ஹெரக்கிளிற்றசின் கூற்றே வெல்லும். அதனையே முடிந்த முடிபாகக் கொள்ளின், 'நீ விட்டுச்சென்ற ஊர் இன்றில்லை. ஆதலின் உனக்கு உரிமையுமில்லை' என்னும் அநீதிக்கு அது துணைபோகும். மறுதலையாக, ஊர் சிறிதும் மாறவில்லை எனச் சாதிப்போர், அங்கேயே தங்கித் துன்புற்றோர் வாழ்வைக் கணக்கில் எடாதவராவர்.

இவ்விரு தவறுகளுக்கும் இடையே வழிகாட்டுவது 'முறை' என்னும் சொல்லே. மீண்டவர் எல்லை வேலியை அயலவரோடு பேசித் தீர்க்கின்றார். பங்குக் கிணற்றைப் பங்காளரோடு சேர்ந்து இறைக்கின்றார். இறந்தோர் விட்டுச்சென்ற கடமைகளை ஏற்கின்றார். ஊரிலிருந்தோரும் அவருக்குரிய இடத்தை ஒப்புக்கொள்கின்றனர். மண்ணும் மனிதரும் மாறியிருப்பினும் உறவும் கடமையும் தொடர்கின்றன. அத்தொடர்ச்சியை இருசாராரும் பேணும்போதே, 'இவர் தம் ஊருக்கு மீண்டார்' என்னும் கூற்று உண்மையாகும். அவ்வாறு பேணத் தவறின், அவர் புதியதோர் இடத்துக்கு முதன்முறை வந்தவரே ஆவர்.